நாலு சின்ன கிளாஸ்: சந்தை பாரில் கிராஃப்ட் பீரைச் சுவைத்துப் பழக

சந்தைக்குள் இருக்கும் பாரில் கரும்பலகை நிறையப் பெயர்கள் எழுதியிருக்கும். ஹெல்லஸ், ஹெஃபவைசன், ஹேஸி ஐபிஏ, கோஸே, இம்பீரியல் ஸ்டவுட். பக்கத்திலேயே 4.8, 5.2, 6.5, 10 என்று எண்கள். முதல்முறை போகிறவர் பெயர் வேடிக்கையாக இருப்பதில் ஒன்றை அரை லிட்டர் வாங்குவார், இரண்டாவது வாயில் கசப்பு ஏறியதும் முகம் சுளிப்பார், இது நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுவார். ஒரே பீரை எவ்வளவு குடித்தாலும் அதைப் பற்றி அதிகம் தெரியவராது. பக்கத்தில் இன்னொன்று இருந்தால்தான் எது கசப்பு, எது இனிப்பு, எது வெறும் குளிர்ச்சி என்று பிடிபடும். சுவைப்பது என்றாலே ஒப்பிடுவதுதான்.

எதை வைத்து ஒப்பிடுவது? பிடித்தது, பிடிக்காதது என்று பிரிப்பது முதல் நாளுக்குச் சரி. ஆனால் பழக வேண்டிய கேள்வி வேறு: வாயில் தெரியும் இந்தச் சுவை எங்கிருந்து வந்தது? பீரில் இருக்கும் எல்லாச் சுவைக்கும் பெரும்பாலும் நாலு ஊற்றுக்கண்தான். மால்ட், ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர். அந்த நாலிலும் சேராத வாடை வந்தால், குழாயிலோ கிளாஸிலோ பீர் பயணப்பட்ட வழியிலோ பெரும்பாலும் ஏதோ தவறு. இந்த ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டால் பலகையில் இருக்கும் நாற்பது பெயரும் பயமுறுத்தாது.

கிராஃப்ட் என்ற பட்டம்

சட்டப்படி உலகம் முழுக்க ஒரே வரையறை கிடையாது. அமெரிக்காவின் ப்ரூவர்ஸ் அசோசியேஷன், ஆண்டுக்கு 60 லட்சம் பேரலுக்குள் காய்ச்சும், 25 சதவீதத்துக்கும் குறைவான பங்கே வேறு பெரிய மது நிறுவனத்திடம் இருக்கும் ஆலையைக் கிராஃப்ட் என்கிறது. அங்கே ஒரு பேரல் ஏறத்தாழ 117 லிட்டர். 60 லட்சம் பேரல் என்பது சின்ன அளவே இல்லை என்பதையும் கவனியுங்கள். அமெரிக்காவில் இந்த அலையின் தொடக்கமாக, ஃப்ரிட்ஸ் மேடாக் 1965-இல் சான் ஃபிரான்சிஸ்கோவின் ஆங்கர் ஆலையை வாங்கியதைச் சொல்வார்கள். பிரிட்டனில் 1971-இல் தொடங்கிய காம்ரா இயக்கம் ஏல் எனும் மரபான பீப்பாய் பீரைக் காப்பாற்றப் போராடியது. குடிப்பவருக்கு இதில் முக்கியமான சங்கதி ஒன்றே: குளிரில் நொதிக்கும் ஒரே மாதிரி மெல்லிய லாகரை மட்டும் காய்ச்சாமல், பழைய பாணிகளும் புதுப் பாணிகளும் ஒரே பலகையில் வந்து நிற்கின்றன. பட்டம் தரத்துக்கு உத்தரவாதம் தராது. சின்ன ஆலையிலும் மோசமான பீர் வரும், பெரிய ஆலையிலும் அப்பழுக்கில்லாத பீர் வரும்.

நாலு ஊற்றுக்கண்

பார்லியை ஊறவைத்து, முளைகட்டி, சூட்டில் உலர்த்தினால் மால்ட். எவ்வளவு சூட்டில் உலர்த்தினார்கள் என்பதுதான் நிறத்தையும் பாதிச் சுவையையும் முடிவு செய்கிறது. லேசாக உலர்த்திய மால்ட் ரொட்டி, பிஸ்கட், தேன் பக்கம் போகும். ஈரத்தோடு சூடேற்றிய கேரமல் மால்ட் டாஃபி, உலர்திராட்சை பக்கம் போகும். 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் வறுத்தால் காபி, கசப்பு சாக்லேட், கொஞ்சம் கருகல். ஸ்டவுட் என்ற கறுப்பு பீரில் காபி மணம் வருவதற்குப் பெரும்பாலும் காபித்தூள் காரணம் இல்லை. காபிக்கொட்டையை வறுக்கும்போது நடக்கும் அதே வேதிமாற்றம் தானியத்திலும் நடக்கிறது.

ஹாப்ஸ் ஒரு கொடியின் பூ. அதற்கு இரட்டை வேலை. கொதிக்கும்போது முதலிலேயே போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டால், அதிலுள்ள ஆல்ஃபா அமிலங்கள் உருமாறிக் கசப்பாகின்றன, மணம் ஆவியோடு போய்விடுகிறது. கடைசி நிமிடத்திலோ, நொதித்த பிறகு குளிர்ந்த பீரிலோ போட்டால் கசப்பு குறைவு, மணம் அள்ளும். ஒரே பூதான். போடும் நேரத்தைப் பொறுத்துக் கசப்பாகவோ மாம்பழ மணமாகவோ மாறுகிறது. வகைகளுக்கும் தனிக் குணம் உண்டு. செக் நாட்டுச் சாஸ் மூலிகை வாசம் தரும். அமெரிக்கக் கேஸ்கேட் பம்பளிமாஸ் தோல் மாதிரி இருக்கும். சிட்ராவில் எலுமிச்சையும் பேஷன் பழமும் வரும். சியரா நெவாடா 1980-இல் தன் பேல் ஏலைக் காய்ச்சியபோது கேஸ்கேடைத் தூக்கலாகப் பயன்படுத்தியது. அமெரிக்கப் பேல் ஏல் என்றால் இப்படித்தான் மணக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பு அதன் பிறகுதான் வேரூன்றியது.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலையும் கார்பன் டை ஆக்சைடையும் விடுகிறது. அத்தோடு நில்லாமல் மணப்பொருள்களையும் சேர்த்து விடுகிறது. ஏல் ஈஸ்ட் சுமார் 15 முதல் 24 டிகிரியில் வேகமாக வேலை செய்து பழ மணங்களை நிறைய உண்டாக்கும். லாகர் ஈஸ்ட் சுமார் 7 முதல் 13 டிகிரியில் மெதுவாக வேலை செய்யும். பிறகு உறைநிலைக்குப் பக்கத்தில் சில வாரம் கிடத்தி வைப்பார்கள். அதனால் லாகர் துப்புரவாக, பழவாசம் இல்லாமல் இருக்கும். ஏல், லாகர் என்ற பிரிவு ஈஸ்டைப் பொறுத்தது. நிறத்துக்கும் போதைக்கும் அதில் சம்பந்தம் இல்லை. கறுப்பு லாகரும் உண்டு, வெள்ளை ஏலும் உண்டு.

தண்ணீரை நாக்கில் கண்டுபிடிப்பது கடினம். பிடிபடாவிட்டால் விட்டுவிடலாம். சல்ஃபேட் அதிகமான தண்ணீர் ஹாப்ஸ் கசப்பைக் கூர்மையாக்கும், குளோரைடு அதிகமானால் மால்ட் திரட்சியாகத் தெரியும் என்ற அளவுக்கு நினைவிருந்தால் போதும்.

பலகையில் எழுதியிருக்கும் எண்கள்

ஏபிவி என்பது கன அளவில் ஆல்கஹால் எத்தனை சதவீதம் என்பது. ஐபியு என்பது கசப்பின் அளவு, ஏறத்தாழ ஒரு லிட்டரில் இருக்கும் ஐசோ-ஆல்ஃபா அமிலத்தின் மில்லிகிராம் எடை. ஹெஃபவைசன் என்ற கோதுமை பீருக்கு 8 முதல் 15, ஹெல்லஸ் என்ற வெளிர் லாகருக்கு 20-ஐ ஒட்டி, ஹாப்ஸ் தூக்கலான ஐபிஏவுக்கு (இந்தியா பேல் ஏல்) 40 முதல் 70 என்று வைத்துக்கொள்ளலாம்.

இந்த ஐபியுவை நம்பித்தான் பலர் ஏமாறுகிறார்கள். ஐபியு ஆய்வகத்து அளவு, நாக்கு அளப்பது வேறு. 70 ஐபியு உள்ள இம்பீரியல் ஸ்டவுட், 45 ஐபியு உள்ள வறண்ட ஐபிஏவை விடக் கசப்பு குறைந்ததாகத் தோன்றும். காரணம், ஸ்டவுட்டில் நொதிக்காமல் மிஞ்சிய சர்க்கரை கசப்பை மறைத்துவிடுகிறது. எனவே ஐபியுவைத் தனியாகப் படிக்காதீர்கள், ஏபிவியோடும் பாணியோடும் சேர்த்துப் படியுங்கள். 5 சதவீதத்தில் 50 ஐபியு என்றால் கசக்கும். 10 சதவீதத்தில் 50 என்றால் இனிப்பு முன்னால் நிற்கும்.

நிறம் இன்னொரு கண்ணி. கறுப்பாக இருந்தால் போதை ஏறும் என்று நினைப்பவர்கள் ஏராளம். அயர்லாந்து பாணி வறண்ட ஸ்டவுட் கறுப்பாக இருந்தும் பெரும்பாலும் 4 முதல் 5 சதவீதம்தான். பெல்ஜியத்து ட்ரிப்பெல் பொன்னிறமாக, பார்க்கச் சாதுவாக இருக்கும். ஆனால் அது 8, 9 சதவீதம் போகும்.

எதை வாங்குவது, எந்த வரிசையில்

ஃப்ளைட் என்று கேளுங்கள். 100 முதல் 150 மில்லி பிடிக்கும் சின்ன கிளாஸ்கள் நாலோ ஆறோ ஒரு மரத்தட்டில் வரும். நாலு போதும். ஆறாவது கிளாஸை நெருங்கும்போது நாக்கும் மூக்கும் களைத்திருக்கும், கவனமும் கலைந்திருக்கும், கொடுத்த காசு வீண்.

முதல் தடவைக்கு நாங்கள் சொல்லும் நாலு: ஹெல்லஸ் அல்லது பில்ஸ்னர், ஹெஃபவைசன், ஐபிஏ, ஸ்டவுட். இதே வரிசையில். ஒவ்வொரு கிளாஸிலும் ஒவ்வொரு பொருள் முன்னால் வந்து நிற்பதுதான் காரணம். ஹெல்லஸில் வெளிர் மால்ட், ஹெஃபவைசனில் ஈஸ்ட், ஐபிஏவில் ஹாப்ஸ், ஸ்டவுட்டில் வறுத்த தானியம். பில்ஸ்னர் ஹெஃபவைசனை விடக் கொஞ்சம் கசப்பானது, அதனால் கசப்புக் கணக்கில் வரிசை மாறவேண்டும் என்று சிலர் சொல்வார்கள். பலகையில் ஹெல்லஸ் இல்லாமல் 40 ஐபியு பில்ஸ்னர் மட்டும் இருந்தால் அவர்கள் சொல்வது சரி, கோதுமை பீரை முதலில் வையுங்கள்.

பொது விதி: மெல்லியதிலிருந்து திரட்சியானதுக்கு, கசப்பு குறைந்ததிலிருந்து கூடியதுக்கு, ஏபிவி குறைந்ததிலிருந்து கூடியதுக்கு. கசப்பு நாக்கில் தங்கும், அடுத்தடுத்து ஏறும். ஐபிஏ குடித்துவிட்டு ஹெல்லஸைத் தொட்டால் அது வெறும் சோடா மாதிரித்தான் இருக்கும். புளிப்பு பீர்கள் விஷயத்தில் கொஞ்சம் யோசிக்கவேண்டும். கொத்தமல்லி விதையும் உப்பும் சேர்ந்த மெல்லிய கோஸே நடுவில் வந்தால் வாயைத் துடைத்துவிட்ட மாதிரி இருக்கும். ஆனால் பல்லைக் கூசவைக்கும் லாம்பிக்கை நடுவில் வைத்தால் அடுத்து வரும் எல்லாமே தட்டையான இனிப்பாகிவிடும். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். பாம்பெர்க் நகரத்துப் புகை பீர் இருந்தால் அதற்கும் பின்னால். புகை வாயில் ஏறினால் இறங்காது.

தட்டு வந்ததும் பீர் காலத்தோடு ஓட்டப்பந்தயம் ஓடுகிறது. ஒரு கிளாஸுக்குப் பத்து நிமிடம் எடுத்தால் நாலாவது கிளாஸ் அரை மணி நேரம் காத்திருக்கும். நுரை அடங்கி, வாயு பாதி போயிருக்கும். ஸ்டவுட் இதைத் தாங்கும், கொஞ்சம் சூடேறினால் அதற்கு நல்லதும்கூட. ஐபிஏவின் மேல்மணம் தாங்காது. கூட்டம் இல்லாத நேரமாக இருந்தால் இரண்டு இரண்டாக ஊற்றித் தரச் சொல்லுங்கள். பெரும்பாலும் தருவார்கள். எந்த கிளாஸில் எது என்பதைத் தட்டிலோ தாளிலோ குறிக்கச் சொல்வதும் முக்கியம். பொன்னிறத்தில் இரண்டு கிளாஸ் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஐந்தாவது நிமிடத்தில் குழப்பம் வரும்.

கிளாஸ் கைக்கு வந்ததும்

முதலில் மூக்கு. பீர் ஊற்றிய முதல் ஒரு நிமிடத்தில்தான் நுரை உடைந்து மணத்தை வெளியே தள்ளும். நிறத்தைப் பார்த்து ரசித்துப் படம் எடுத்து முடிப்பதற்குள் பாதி மணம் காற்றோடு போயிருக்கும். கிளாஸை மூக்குக்குக் கீழே கொண்டுவந்து இரண்டு மூன்று குட்டி மூச்சு இழுங்கள். பிறகு கிளாஸின் வாயை உள்ளங்கையால் மூடி, மெதுவாக மூன்று சுற்று சுழற்றி, கையை எடுத்ததும் ஒரு நீண்ட மூச்சு. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியும். மணம் பிடிபடாமல் போனால் உங்கள் சட்டைக் கையை மோந்து பாருங்கள். பழகிய வாடை மூக்கைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும்.

அப்புறம் கண். வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். ஹெல்லஸ் தெளிவாக இருக்கவேண்டும். ஹெஃபவைசனும் ஹேஸி ஐபிஏவும் கலங்கித்தான் இருக்கும், அது குறை இல்லை. பீர் நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பிஜேசிபி அமைப்பின் 50 மதிப்பெண் தாளில் தோற்றத்துக்கு 3 மதிப்பெண்தான். மணத்துக்கு 12, வாய்ச்சுவைக்கு 20, வாயில் உணரும் திரட்சிக்கு 5, ஒட்டுமொத்த எண்ணத்துக்கு 10. எதற்கு எவ்வளவு கவனம் கொடுக்கவேண்டும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான பாடம் இல்லை.

ஒரு வாய் என்பது 20 மில்லி அளவு. உடனே விழுங்காமல் நாக்கு முழுக்கப் படரவிடுங்கள். நாக்கின் நுனியில் இனிப்பு, பின்னால் கசப்பு என்று பழைய பாடப்புத்தகங்களில் இருந்த வரைபடம் தவறு. எல்லாச் சுவையும் நாக்கின் எல்லாப் பக்கத்திலும் தெரியும். விழுங்கியதும் வாயை மூடிக்கொண்டு மூக்கு வழியாக மூச்சை விடுங்கள். தொண்டைக்குப் பின்புறமாக மணம் மூக்குக்கு ஏறும், பீரின் சுவையில் பெரும்பங்கு அந்த வழியில்தான் வருகிறது. சந்தேகம் இருந்தால் சோதித்துப் பாருங்கள். மூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஐபிஏவை ஒரு வாய் விழுங்குங்கள். கசப்பும் ஒரு மந்தமான இனிப்பும் தவிர ஒன்றும் தெரியாது. பிடியை விட்ட நொடியில் பழவாசம் முழுக்கக் கொட்டும். ஒயின் சுவைப்பவர்கள் துப்புவார்கள், பீர் சுவைப்பவர்கள் விழுங்குவார்கள். விழுங்கிய பிறகு எழும் இந்த மணத்தையும் தங்கும் கசப்பையும் துப்பிவிட்டு அளக்க முடியாது என்பது அதற்குச் சொல்லும் காரணம்.

முதல் வாயை வைத்துத் தீர்ப்பு எழுதாதீர்கள். குளிர்ச்சிக்கும் வாயுவுக்கும் நாக்கு பழகவே அது செலவாகும். மூன்றாவது வாயில் என்ன தெரிகிறதோ அதை எழுதுங்கள். கிளாஸுக்கு நாலு சொல் போதும்: மணம், சுவை, திரட்சி, விழுங்கிய பின் தங்குவது. 'நன்றாக இருக்கிறது' என்று எழுதிய குறிப்பு அடுத்த வாரம் உங்களுக்கே உதவாது. பழம் என்று தோன்றினால் எந்தப் பழம், காயா கனியா, சதையா தோலா என்று ஒரு படி கீழே இறங்குங்கள். டென்மார்க்கில் பிறந்த மார்டன் மெய்ல்கார்ட் 1970களில் பீருக்கென்று ஒரு சுவைச் சக்கரம் வகுத்தார். காய்ச்சுபவர்கள் ஒரே வாடைக்கு ஆளுக்கொரு பெயர் சொல்வதை நிறுத்தத்தான் அந்தப் பாடு.

கிளாஸ்களுக்கு இடையே தண்ணீர் குடியுங்கள், உப்பு மசாலா இல்லாத ரொட்டித் துண்டு ஒன்று கடியுங்கள்.

நாலு கிளாஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

ஹெல்லஸ் உங்கள் அளவுகோல். ரொட்டியின் உள்பகுதி, கொஞ்சம் தேன், விழுங்கியதும் மெல்லிய மூலிகைக் கசப்பு வந்து துடைத்துவிடும். விசேஷமாக ஒன்றும் இல்லையே என்று தோன்றினால் அதுவே சரியான விடை. ஒளிந்துகொள்ள இடமில்லாத பீர் இது. காய்ச்சியவர் செய்த எந்தத் தவறும் இதில் பளிச்சென்று தெரியும். அதனால் ஒரு பாரையோ ஆலையையோ எடைபோட நினைப்பவர்கள் முதலில் லாகரைத்தான் கேட்பார்கள்.

ஹெஃபவைசன் வாழைப்பழமும் கிராம்பும் மணக்கும். காய்ச்சும்போது இரண்டையும் சேர்த்திருக்க மாட்டார்கள். வாழைப்பழ வாசம் ஐசோஅமைல் அசிடேட் என்ற எஸ்டர், கிராம்பு வாசம் 4-வினைல் குவாயகால் என்ற ஃபீனால், இரண்டும் ஈஸ்டின் வேலை. நொதிக்கும் சூடு கூடினால் பொதுவாக வாழை தூக்கலாகும். மால்டில் பாதிக்குமேல் கோதுமை என்பதால் புரதம் அதிகம், நுரை தடிமனாக நிற்கும். ஹெல்லஸை மறுபடி ஒரு வாய் எடுத்தால் ஈஸ்ட் பேசாமல் இருப்பது எப்படி இருக்கும் என்று இப்போது புரியும். கொத்தமல்லி விதையும் ஆரஞ்சுத் தோலும் தெரிந்தால் அது பெல்ஜிய பாணி விட்பியர், அவற்றை உண்மையாகவே போட்டிருப்பார்கள்.

ஐபிஏவில் இரண்டு பள்ளிகள். வெஸ்ட் கோஸ்ட் என்று எழுதியிருந்தால் தெளிவாக, வறண்டு, பிசின் வாசத்தோடு, கசப்பு நீண்டு நிற்கும். ஹேஸி அல்லது நியூ இங்கிலாந்து என்றிருந்தால் ஓட்ஸோ கோதுமையோ சேர்ந்து கலங்கி, பழச்சாறு மாதிரி வழவழப்பாக, கசப்பு அடங்கி இருக்கும். ஹாப்ஸ் கொதித்ததா ஊறியதா என்று மேலே சொன்ன வித்தியாசம்தான் இரண்டு கிளாஸாக உங்கள் முன் நிற்கிறது. பலகையில் இரண்டும் இருந்து, மனசும் இருந்தால், அடுத்த முறை இந்த இரண்டை மட்டும் வாங்கி ஒப்பிடுங்கள். ஐபிஏவில் இன்னொரு விஷயம் தேதி. ஹாப்ஸ் மணம் வாரக்கணக்கில் கரையும். பீப்பாயில் எப்போது அடைத்தது என்று கேட்டால் சொல்வார்கள். குளிரில் வைத்தும் மூன்று மாதம் தாண்டியிருந்தால் வேறு ஐபிஏ எடுப்பது நல்லது.

ஸ்டவுட்டில் வறுத்த பார்லி. காபி, கோகோ, லேசான புளிப்பு. கிளாஸை இரு கையாலும் பொத்தி ஐந்து நிமிடம் வைத்துக் குடித்தால் சாக்லேட் மேலே வரும். 4 டிகிரியில் கருகல் மட்டும்தான் தெரிந்திருக்கும். ஸ்டவுட்டும் வலுவான ஏல்களும் 10 முதல் 13 டிகிரியிலும், பேல் ஏல் வகைகள் 7 முதல் 10 டிகிரியிலும், மெல்லிய லாகர் 3 முதல் 6 டிகிரியிலும் தன் குணத்தைக் காட்டும். சந்தை பார்களில் எல்லா டேப்பும் (பீர் ஊற்றும் குழாய்) ஒரே குளிர்பெட்டியிலிருந்து வருவதால் ஸ்டவுட் எப்போதும் அதிகக் குளிராகவே வரும். டேப்பில் நைட்ரோ என்று எழுதியிருந்தால் வாயுவில் சுமார் முக்கால் பங்கு நைட்ரஜன். நைட்ரஜன் பீரில் அவ்வளவாகக் கரையாது, குமிழிகள் மிகப் பொடியாக வரும், கார்பன் டை ஆக்சைடின் சுருக்கென்ற புளிப்பும் குறையும். அதே ஸ்டவுட் பாலேடு மாதிரி மென்மையாகத் தெரிவதற்கு அதுதான் காரணம்.

சந்தை செய்யும் சேட்டைகள்

சந்தை பாரில் சுவைப்பதற்குத் தனித் தொல்லைகள் உண்டு. பக்கத்தில் மீன், எதிரே பொரிக்கும் எண்ணெய், பின்னால் பூக்கடை. இவற்றோடு ஹாப்ஸ் மணம் போட்டி போட முடியாது. காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பார்த்து, சமையல் புகை வராத மூலையில் நில்லுங்கள். பொரித்ததைத் தின்றுகொண்டே குடித்தால் உதட்டு எண்ணெய் நுரையை நொடியில் கொன்றுவிடும். பிறகு பீரில் நுரை நிற்கவில்லை என்று பார்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

வெயில் இன்னும் மோசம். ஹாப்ஸின் கசப்புப் பொருளும் பீரிலுள்ள ரைபோஃபிளேவினும் ஒளி பட்டதும் வினைபுரிந்து கந்தக நாற்றம் ஒன்றை உண்டாக்கும். எரிந்த ரப்பரும் கெட்ட பூண்டும் கலந்த மாதிரி இருக்கும். நேர் வெயிலில் கண்ணாடி கிளாஸில் வைத்த பில்ஸ்னரில் இது சில நிமிடத்திலேயே தொடங்கிவிடும். பழுப்புப் பாட்டில் ஓரளவு தடுக்கும், பச்சையும் நிறமற்றதும் தடுக்காது. ஃப்ளைட் தட்டை நிழலில் வையுங்கள்.

கடை திறந்ததும் வரும் முதல் கிளாஸையும் கவனியுங்கள். குழாயில் இரவெல்லாம் நின்ற பீர் அது, சூடாகவும் நுரையாகவும் வரும். நல்ல பார்காரர் அதைக் கொட்டிவிட்டுத்தான் ஊற்றுவார். தற்காலிகக் கடைகளில் ஐஸ் பெட்டிக்குள் சுருள் குழாய் வைத்துக் குளிர்விப்பார்கள். ஐஸ் உருகிவிட்டால் வெறும் நுரையாக வரும், ஏனென்றால் சூடான பீரில் கார்பன் டை ஆக்சைடு தங்காது. நுரை நிறைய வந்த பீரில் வாயு குறைந்துபோயிருக்கும், குடித்தால் தட்டையாக இருக்கும்.

பீரின் குற்றமா, குழாயின் குற்றமா

சில வாடைகளைத் தெரிந்து வைத்துக்கொண்டால் ஏமாறமாட்டீர்கள். பாப்கார்ன் வெண்ணெய் வாசம் டைஅசிட்டைல். நொதித்தலை அவசரமாக முடித்தாலும் வரும், அழுக்குக் குழாயில் பாக்டீரியா குடியேறினாலும் வரும். சில செக் லாகர்களிலும் பிரிட்டிஷ் ஏல்களிலும் கொஞ்சமாக இருந்தால் ஏற்பார்கள். பச்சை ஆப்பிள் வாசம் அசிட்டால்டிஹைட், பெரும்பாலும் பீர் முதிராமலே வந்துவிட்டது என்று பொருள். வேகவைத்த மக்காச்சோள வாசம் டிஎம்எஸ், சரியாகக் கொதிக்கவிடாததால் வரலாம். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் பழசாகி ஆக்சிஜன் ஏறிய பீருக்கு அடையாளம். மருந்துக்கட்டு வாசம் வந்தால் குளோரின் கலந்த தண்ணீரையோ சரியாக அலசாத பாத்திரத்தையோ சந்தேகப்படலாம். புளிப்பு பாணி என்று எழுதாத பீர் வினிகர் மாதிரி புளித்தால் கெட்டுவிட்டது.

யார் குற்றம் என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தட்டில் ஒரே ஒரு கிளாஸில் மட்டும் வாடை என்றால் அந்த பீப்பாயையோ அந்த ஒரு குழாயையோ சந்தேகப்படுங்கள். பாணி வேறு, ஆலை வேறு, ஆனால் இரண்டு மூன்று கிளாஸில் அதே வெண்ணெயோ புளிப்போ தெரிந்தால் அந்த பாரின் குழாய்கள் கழுவப்படவில்லை. பீர்க் குழாயை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை காரக் கரைசல் விட்டுக் கழுவவேண்டும் என்பது தொழிலில் ஏற்றுக்கொண்ட முறை. கேட்டால் நல்ல பார் பெருமையாகவே பதில் சொல்லும். எரிச்சலோடு பதில் வந்தால் அதுவும் ஒரு பதில்தான்.

கிளாஸைச் சோதிப்பது இன்னும் எளிது. பீருக்குள் கிளாஸின் பக்கச் சுவரில் குமிழிகள் ஒட்டிக்கொண்டு நின்றால் அங்கே எண்ணெயோ சோப்போ படிந்திருக்கிறது. அடியில் ஒரே இடத்திலிருந்து கோடாக எழும்பினால் பெரும்பாலும் அது வேண்டுமென்றே செதுக்கிய புள்ளி, தப்பில்லை. சுத்தமான கிளாஸில் குடிக்கக் குடிக்க நுரை வளையம் வளையமாகச் சுவரில் ஒட்டி இறங்கும். குறை இருந்தால் இரண்டு வாயோடு நிறுத்தி, வாடையின் பெயரைச் சொல்லித் திருப்பிக் கொடுங்கள். பாதிக்கு மேல் குடித்துவிட்டுக் கேட்டால் யாரும் நம்பமாட்டார்கள்.

எவ்வளவு உள்ளே போகிறது

சின்ன கிளாஸ் என்று அலட்சியமாக இருக்கக்கூடாது. 4.8, 5.2, 6.5, 10 சதவீத பீர்கள் நாலும் 125 மில்லி வீதம் என்றால் மொத்தம் அரை லிட்டர், அதில் ஆல்கஹால் 33 மில்லி, எடையில் 26 கிராம். அதில் 10 கிராம் அந்தக் கடைசிக் கறுப்பு கிளாஸிலிருந்து வருகிறது. அமெரிக்கக் கணக்கில் ஒரு நிலையான பானம் 14 கிராம், பிரிட்டன் கணக்கில் ஒரு யூனிட் 8 கிராம். உடல் ஒரு மணி நேரத்தில் சுமார் 7 முதல் 10 கிராம்தான் எரிக்கும், காபியோ குளிர்ந்த நீரோ அதை வேகப்படுத்தாது. ஆக இந்த ஒரு தட்டு முழுதாக இறங்க மூன்று மணி நேரம், சிலருக்கு நாலு. வண்டி ஓட்டப்போகிறவர், கர்ப்பிணி, ஆல்கஹாலோடு சேராத மருந்து எடுப்பவர், சட்டப்படி வயது வராதவர் இந்தத் தட்டைத் தொடக்கூடாது. வெறும் வயிற்றில் தொடங்காதீர்கள், பீர் எவ்வளவோ அவ்வளவு தண்ணீரும் குடியுங்கள். எல்லா கிளாஸையும் காலி செய்தாகவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. ஒவ்வொன்றிலும் நாலு வாய் எடுத்தால் தெரியவேண்டியது தெரிந்துவிடும்.

பிடித்ததை வீட்டுக்கு எடுத்துப்போக கிரவுலர் என்ற மூடியிட்ட பெரிய பாட்டிலில் டேப்பிலிருந்தே பிடித்துத் தருவார்கள். அடியிலிருந்து நிரப்பும் குழாய் வைத்து, நுரை வாய்வரை வந்ததும் மூடினால்தான் உள்ளே காற்று நிற்காது. டேப்புக்கு அடியில் நேராகக் காட்டி நிரப்பினால் ஆக்சிஜன் புகுந்து, அடுத்த நாளே மணம் மங்கத் தொடங்கும். நிமிர்த்தி, குளிரில், இருட்டில் வையுங்கள். திறக்காமல் இரண்டு மூன்று நாள், திறந்தால் அன்றைக்கே.